நான்காவது கதிரை

அந்தக் குசினியில் கதிரைகள் நான்கு. சாப்பிடுகிறவர்கள் வீட்டுக்காரி, நான், என் மனைவி என மூன்று பேர். எழுபதுகளில் மெல்பேர்னுக்கு வந்த புதிதில் டண்டினோங்கில் அவள் வீட்டு அறையொன்றில் குடியிருந்தோம். எதையும் எண்ணிப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. நான்காவது கதிரையில் கையகலத் தலையணை ஒன்று கிடந்தது. முதல் நாள் அதை நகர்த்திவிட்டு உட்காரப் போனேன். "அங்கே வேண்டாம், என் கணவர் இருக்கிறார்" என்றாள் வீட்டுக்காரி. அவர் இறந்து இரண்டு வருடமாகியிருந்தது.

சைபீரியாவில் ஆமூர் ஆற்றங்கரை நனாய் இனத்தவர்கள் அவர்கள். சீனா வழியாக இங்கே வந்து சேர்ந்தவர்கள். அவர்களது நம்பிக்கையில் மனிதருக்கு உயிர் மூன்று. குழந்தைப் பருவத்துக்கு ஒன்று, வளர்ந்தபின் உடலோடு முடிவது ஒன்று, செத்த பிறகும் அலைவது ஒன்று. அந்த மூன்றாவதைத் தலையணையில் குடியேற்றி, ஷாமன் வரும்வரை உணவு வைக்க வேண்டும். ஷாமன்தான் மேளமடித்து, ஆவிகளைத் துணைக்கழைத்து, நாய்கள் இழுக்கும் பனிவண்டியில் அதைச் செத்தவர்களின் ஊரில் கொண்டுபோய் விடுவார். அதன்பிறகே தலையணையை எரிக்கலாம். அவள் சாப்பிடுமுன் ஒரு பிடியை அதன் முன் வைப்பாள். பின்னேரங்களில் புகைக்குழாயைப் பற்றவைத்து அதனருகே சாய்ப்பாள்.

"இந்த மனுசனும் உங்களை மாதிரித்தானப்பா, சாப்பிட்ட கோப்பை கழுவிறேல்லை" என்றாள் என் மனைவி. மொழிபெயர்த்துச் சொன்னபோது வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

பாதிரியாரைக் கேட்டால் என்ன என்றேன். "அவருக்கு ஜெபம் தெரியும், வழி தெரியாது" என்றாள். ஊரில் ஷாமன்களை அரசாங்கம் பிடித்துக்கொண்டு போய்விட்டதாம். மெல்பேர்னில் எங்கே தேடுவது? தான் சாகுமுன் அவரை அனுப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு யார் உணவு வைப்பார்கள் என்பதே அவளுடைய பயம். சிட்னியிலிருந்த மகளுக்கு அம்மாவின் பாஷைகூடத் தெரியாது.

பயந்தபடியே நடந்தது. ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டாள். சவப்பெட்டியில் அவள் தலைக்கடியில் அந்தத் தலையணை இருந்தது. "அம்மா இதைப் பிரிந்ததே இல்லை" என்று அழுதாள் மகள். அன்பினால் செய்தது, அவளிடம் எதைச் சொல்வது? இருவரையும் சேர்த்தே மண்ணில் இறக்கினார்கள். "இனி ரெண்டு பேரும் ஆருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது?" என்றாள் என் மனைவி.

அவளும் போய் இது மூன்றாவது வருடம். அந்தியேட்டி செய்து, சாம்பலைக் கடலில் கரைத்து, எல்லாம் முடிந்தது என்றார் ஐயர். இப்போது என் குசினியில் கதிரைகள் இரண்டு. நேற்று மருந்து கொடுக்க வந்த தாதிப் பிள்ளை ஒன்றை இழுத்து உட்காரப் போனாள். "அதிலை வேண்டாம், பிள்ளை" என்றேன்.

"ஏன் அங்கிள், ஆரும் வருகினமோ?"

காட்டுவதற்கு என்னிடம் ஒரு தலையணைகூட இல்லை.