ரேடியேட்டரில் கூட்டணி

கட்சியில் வட்டச் செயலாளரான என் மாமனாரின் பழைய காரின் என்ஜின் சூட்டைத் தணிக்கப் பச்சைக் கூலன்ட்தான் சரி என்றார் மெக்கானிக். பச்சை எதிர்க்கட்சிக் கொடியின் நிறம் என்று மாமனார் தன் கட்சிச் சிவப்பை ஊற்றச் சொன்னார். மூடிய ரேடியேட்டருக்குள் எந்த வாக்காளர் எட்டிப் பார்ப்பார் என்று நான் கேட்கவில்லை. பெண் எடுத்த இடம்.

அடுத்த தேர்தலில் இரண்டு கட்சிகளும் கூட்டணி வைத்தன. மாமனார் சிவப்பின் மேலேயே பச்சையை ஊற்றினார்.

“ரெண்டும் கலந்தா கூழாயிடுங்க” என்றார் மெக்கானிக்.

“உனக்கு அரசியல் தெரியாதுப்பா.”

கீழ்பென்னாத்தூர் கூட்டத்துக்குப் போகும் வழியில் வண்டி கொதித்து நின்றது. ஆறவிட்டு மூடியைத் திறந்து மாமனார் விரலை விட்டால் உள்ளே பழுப்புச் சேறு. மீதித் தூரம் அவரும் நானும் தள்ளினோம். அதே சேற்றுக் கையால் மைக்கைப் பிடித்து, இது கொள்கைக் கூட்டணி என்று மாமனார் முழங்கினார். முதல் கைதட்டல் என்னுடையது.