பழசாக்கி அனுப்பச் சொன்ன ஷூ

உங்கள் மாமா ஒவ்வொரு தீபாவளிக்கும் மருங்காபுரியிலிருந்து வந்து இந்தக் கதையைச் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் கதைக்குள் அவர் இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரர் ஆகிறார், நான் இன்னும் கொஞ்சம் அசடாகிறேன். போன தீபாவளிக்கு, தபால்காரரிடம் பேசியதே அவர்தான், நான் அடுப்படியில் ஒளிந்துகொண்டிருந்தேன் என்கிற வரைக்கும் போய்விட்டது. நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றுகிற கை இது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

பெரியவளே, உன் கால்களில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நாலு வயதில் என் சைக்கிள் கேரியரில் இருந்து விழுந்து உனக்கு இடது கணுக்கால் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அந்தக் கால் மட்டும் வலது காலைப் போல வளரவில்லை. இடதுக்கு ஐந்தாம் நம்பர் ஷூ, வலதுக்கு ஏழாம் நம்பர். நடந்தால் யாருக்கும் தெரியாது. ஓடினாலும் தெரியாது. செருப்புக் கடைக்குப் போனால்தான் தெரியும். திருச்சி பெரிய கடைவீதியில் எந்தக் கடைக்காரரும் ஐந்தையும் ஏழையும் சேர்த்து ஒரு ஜோடியாகத் தருவதில்லை. அவர்கள் மேலும் குற்றமில்லை. மிச்சத்தை அவர்கள் யாருக்கு விற்பார்கள்? ஆகவே இரண்டு ஜோடி வாங்க வேண்டும், அல்லது ஏழாம் நம்பர் வாங்கி இடது ஷூவில் பஞ்சு அடைக்க வேண்டும். ஓடுவதற்கென்று அடியில் முள் வைத்த ஷூ என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். நாம் பஞ்சு அடைத்தோம்.

அந்தப் பஞ்சு உன்னை மைதானத்தில் கைவிட்டது. இருநூறு மீட்டர் ஓட்டம், வளைவில் திரும்பும்போது இடது ஷூ கழன்று பறந்து பக்கத்துக் கோட்டில் விழுந்தது. அங்கே ஓடிய பெண் அதைத் தாண்டிக் குதித்தாள். "இது என்னடா, தடை தாண்டும் ஓட்டமா?" என்று பின்னால் எவனோ கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நீ ஒற்றை ஷூவோடு ஓடி முடித்தாய், கடைசியாக. வீட்டுக்கு வந்ததும் சொன்னாய்.

"இன்னொரு தடவ கழண்டுச்சுன்னா நான் ஓட மாட்டேன்ப்பா. சத்தியமா மாட்டேன்."

நீ சும்மா சொல்கிற ஆள் இல்லை. அடுத்த வருஷப் போட்டிக்குள் உன் காலுக்குச் சரியான ஷூ கிடைக்க வேண்டும், இல்லையென்றால் நீ ஓட்டத்தை விட்டுவிடுவாய் என்பது எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது.

அப்படி ஒரு கடையைக் கண்டுபிடித்தது உன் தம்பிதான். போனை நோண்டுகிறான் என்று நான் திட்டுவதுண்டு, அதை இந்த ஒரு விஷயத்துக்காகத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கடல் தாண்டி ஏதோ குளிர் தேசத்தில் ஒரு அப்பாவும் அவருடைய மகள்களும் நடத்துகிற சின்ன ஷூ கடை. இடதுக்கு ஒரு அளவு, வலதுக்கு ஒரு அளவு கேட்டால் அப்படியே தருவார்கள். தபால் செலவோடு சேர்த்தாலும் இரண்டு ஜோடி வாங்குவதைவிடக் குறைவு. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. உங்கள் நாட்டு வரிகளை நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இங்கே சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் ஷூ வாங்கினால் பில்லிலேயே வரி இருக்கிறது. கடைக்காரர் நம்மிடம் வாங்கி அரசாங்கத்துக்குக் கட்டிவிடுகிறார். கடைக்காரர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தால் அவர் எப்படிக் கட்டுவார்? சாமான் இங்கே இறங்கும்போது நாம் கட்ட வேண்டும். இறக்குமதிக்கு ஒரு வரி, அதற்கு மேலே இங்கே உள்ள விற்பனைக்குப் போடுகிற மாதிரி ஒரு வரி. அவ்வளவுதான் விஷயம். இதை நான் உங்கள் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதுதான், ஓரிரு மாசம் நம் வீட்டில் தங்கிப் போகலாம் என்று மாமா உள்ளே வந்தார்.

மாமா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பத்து வருஷம் வேலை பார்த்தவர். திருச்சி ஏர்போர்ட்டில் சுங்கம் பார்க்கிற இடத்தை அவர் தாண்டிய மாதிரி யாரும் தாண்டியதில்லை என்பது அவர் கட்சி. வரி என்ற சொல் காதில் விழுந்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"மச்சான், வரி கட்டப் போறீங்களா? சிரிப்பாங்க மச்சான்."

"யாரு சிரிப்பா மாப்ள?"

"எல்லாரும். ஒரு சூட்சுமம் இருக்கு. புதுசா பெட்டியில வந்தாத்தான் வரி. போட்டுப் பழகினதுன்னா அது சொந்தச் சாமான். நான் எத்தன ஷூ கொண்டாந்திருக்கேன்? எல்லாம் கால்ல மாட்டிக்கிட்டே வந்தது."

"இது தபால்ல வருது. யாரு கால்ல மாட்டுறது?"

மாமா ஒரு நிமிஷம் யோசித்தார். ஒரு நிமிஷத்துக்கு மேல் அவர் யோசித்து நான் பார்த்ததில்லை.

"கடைக்காரன் கால்ல."

என் போனை எடுத்து, பணம் கட்டி, கையோடு கடைக்காரருக்கு இங்கிலீஷில் ஒரு செய்தியும் தட்டிவிட்டார். ஷூவைக் கொஞ்சம் உபயோகித்துவிட்டு அனுப்பவும், நன்றி. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நான் தலையாட்டினேன் என்று மாமா சொல்கிறார். நான் ஆட்டினது இப்படி அப்படி, இரண்டு பக்கமும். அதைப் போய் அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது?

பதில் வந்தது. தம்பிதான் படித்துச் சொன்னான். அந்தக் கடைக்காரர் ரொம்ப நல்ல மனுஷர். இப்படி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையாம். ஆனாலும் புது ஷூ கால் கடிக்கும் என்று ஒரு அப்பா கவலைப்படுவது தனக்குப் புரிகிறதாம், தனக்கும் மகள்கள் இருக்கிறார்களாம். கூடவே ஒரு போட்டோ. மழையில் நனைந்த உருளைக்கிழங்கு வயல். அதில் செம்பட்டை முடியோடு இரண்டு பெண் பிள்ளைகள், அக்காளும் தங்கையும். அக்காள் வலது காலில் ஏழாம் நம்பர், தங்கை இடது காலில் ஐந்தாம் நம்பர். அந்த இரண்டு கால்களையும் சேர்த்து ஒரு துண்டால் கட்டியிருந்தார்கள். மூன்று கால் ஓட்டம்! முழங்கால் வரைக்கும் சேறு. இரண்டும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தன.

"பாருங்க மச்சான், எவ்வளவு பழசாயிருச்சு!" என்றார் மாமா.

உங்கள் அம்மா போட்டோவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "காசு குடுத்து வாங்கின புது ஷூடா தம்பி அது" என்று மட்டும் மாமாவிடம் சொன்னாள்.

பார்சல் சென்னை வரைக்கும் விறுவிறுவென்று வந்துவிட்டது. அங்கே நின்றுவிட்டது. போட்டி நெருங்குகிறது, பார்சல் நகரவில்லை. தம்பி தினமும் காலையில் போனைப் பார்த்து, "அங்கயேதான்ப்பா இருக்கு" என்பான். கடைசியில் சென்னைச் சுங்க ஆபீஸ் நம்பரைத் தேடிப் பிடித்து நானே பேசினேன். ஒரு அம்மா எடுத்தார்.

"சார், உங்க ஷூவுல மண்ணு இருக்கு."

"ஆமாங்க. கொஞ்சம் ஓடிப் பாத்திருக்காங்க."

"கொஞ்சமா? வெளிநாட்டு மண்ணு அப்படியெல்லாம் உள்ள வரக்கூடாது சார். பூச்சி, வெத, நோய் ஏதாச்சும் கூட வந்துரும். சுத்தம் பண்ணி, மருந்தடிச்சு, அப்புறந்தான் விடுவாங்க."

"வரி ஏதும் இருக்குங்களா?"

"வரி போட்டாச்சு சார், பார்சல் வந்த அன்னைக்கே. மண்ணு இல்லேன்னா அன்னைக்கே வந்திருக்கும்."

நான் போனை வைத்துவிட்டு மாமா பக்கம் திரும்பினேன். அவர் ஜன்னல் வழியாகத் தெருவில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பார்ப்பதற்கு அப்படி ஒன்றும் இல்லை.

போட்டி நாள் வந்துவிட்டது. காலையில் நீ பஞ்சு அடைத்த பழைய ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு, பி.டி. மிஸ்ஸோடும் தம்பியோடும் கிளம்பிவிட்டாய். "போயிட்டு வரேன்ப்பா" என்றாய், முகத்தைப் பார்க்காமல். நீ பஸ் ஏறிப் போன பிறகுதான் போன் டிங் என்றது. பார்சல் நம் ஸ்ரீரங்கம் தபாலாபீஸுக்கு வந்துவிட்டது, இன்றைக்குப் பட்டுவாடா. நான் என் மோட்டார் கடையைத் திறக்கவில்லை. வாசலிலேயே நின்றேன். மாமாவும் பக்கத்தில் நின்றார், பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு. தன் பாவத்துக்குப் பரிகாரம் தேடுகிற முகம்.

தபால்காரர் வெயில் ஏறின பிறகு வந்தார். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "வரி இருக்கு சார், கட்டிட்டு வாங்கிக்கங்க" என்று தொகையைச் சொன்னார். நான் பையில் கை விட்டேன். அதற்குள் பரிகாரம் தேடுகிற முகம் மாறிவிட்டது.

"அண்ணே, ஒரு நிமிஷம். பிரிச்சுப் பாருங்க, சேத்துல பொரட்டின ஷூ. இதுக்குப் போயி முழு வரியா? பாதி போட்டுக்கங்க."

"இது என்ன தம்பி, கீரக் கட்டா? பொட்டியில ஒட்டியிருக்கிற தொகைய வாங்கி ஆபீஸ்ல கட்டறது என் வேல. பில்லுல என்ன வெலையோ அதுக்குத்தான் வரி."

"சிங்கப்பூர்லேர்ந்து நான் எத்தன ஷூ கொண்டாந்திருக்கேன் தெரியுமா? ஒரு பைசா கட்டினதில்ல!"

"எப்படிக் கொண்டாந்தீங்க?"

"கால்ல மாட்டிக்கிட்டு."

"அப்படின்னா இதுவும் கால்ல மாட்டி நடந்தே வந்திருக்கணும். பொட்டியில ஏறி வந்துருச்சே, நான் என்ன செய்ய?"

உள்ளேயிருந்து உங்கள் அம்மா வந்தாள். "டேய், அங்க புள்ள ஓடப் போறா, நீ இங்க பேரம் பேசிக்கிட்டு நிக்கிறியா?" என்று மாமாவை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, சிலிண்டருக்கு வைத்திருந்த பணத்தைத் தபால்காரர் கையில் கொடுத்தாள். நான் அடுப்படியில் ஒளியவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நான் வாசலில்தான் நின்றேன். ரசீது கேட்டேன். தபால்காரர் கொடுத்தார். அரசாங்கத்துக்கு என் பெயரில் நேரடியாகக் கட்டின வரி, அதில் என் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க! அத ராத்திரி படிச்சுக்கலாம், கெளம்புங்க!"

கிளம்பினோம். காவிரிப் பாலத்தில் பஸ்ஸும் ஆட்டோவும் ஒன்றை ஒன்று முகர்ந்துகொண்டு நின்றன. பாலம் தாண்டினால் சத்திரத்தில் ஒரு நெரிசல். மாமா ஓட்டிக்கொண்டே பேசினார். "மச்சான், ஒண்ணும் கவலப்படாதீங்க, நேரத்துக்குப் போயிருவோம்." அவர் கவலைப்படாதீர்கள் என்று சொன்ன பிறகுதான் எனக்குக் கவலை ஆரம்பித்தது. ஸ்டேடியம் வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. நான் குதித்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெட்டியை நெஞ்சோடு பிடித்தபடி ஓடினேன். அன்றைக்கு நம் வீட்டில் முதலில் ஓடினது நான்தான். அதற்கு யாரும் கைதட்டவில்லை.

இருநூறு மீட்டருக்குப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நீ புல்லில் உட்கார்ந்து பழைய ஷூவில் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தாய். நான் மூச்சு வாங்கப் பெட்டியை நீட்டினேன். நீ பிரித்தாய், இடதை மாட்டினாய், வலதை மாட்டினாய், எழுந்து நின்றாய். இரண்டு தடவை குதித்துப் பார்த்தாய்.

"அப்பா, கடிக்கவே இல்ல. புது ஷூன்னா கடிக்குமே?"

நான் பதில் சொல்வதற்குள் விசில் அடித்துவிட்டார்கள்.

அந்த வளைவு வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். தம்பி என் கையைப் பிடித்து, "இருக்குப்பா, ரெண்டும் இருக்கு!" என்று கத்தினான். கண்ணைத் திறந்தபோது நீ கோட்டைத் தாண்டியிருந்தாய். நாலாவது. மெடல் மூன்று பேருக்குத்தான். ஆனால் நீ எங்களைப் பார்த்து வந்தபோது உன் முகம் மெடல் வாங்கின முகம். குனிந்து ஷூவை ஒரு தடவை தடவிவிட்டுக் கேட்டாய்.

"அடுத்த மீட் எப்பன்னு மிஸ்ஸக் கேட்டீங்களாப்பா?"

வண்டியை எங்கேயோ நிறுத்திவிட்டு மாமா அப்போதுதான் வந்து சேர்ந்தார். ஷூ கடிக்கவில்லை என்று கேட்டதும் நெஞ்சை நிமிர்த்தினார். "யாரு ஐடியா?" அன்றிலிருந்து இன்றைக்கு வரைக்கும் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வரியும் குறையவில்லை, பார்சலும் தாமதம், உங்கள் அம்மா வாயில் வசவு. ஆனாலும் அந்த இரண்டு பிள்ளைகளும் காலைக் கட்டிக்கொண்டு வயலில் ஓடியிருக்காவிட்டால் ஷூ கடித்திருக்கும். அவ்வளவு தூரத்துக்கு அவர் சொல்வது உண்மை. எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று. வீட்டுக்கு வந்து நீ ஷூவைத் துடைத்தபோது, முள் மாட்டுகிற ஓட்டை ஒன்றில் எல்லார் கண்ணுக்கும் தப்பி ஒரு சிட்டிகை மண் காய்ந்து ஒட்டியிருந்தது. ஊக்கால் நோண்டி எடுத்தாய். நான் அந்தச் சென்னை அம்மா சொன்னதை நினைத்து, அதை அப்படியே பேப்பரில் மடி, எரித்துவிடலாம் என்று சொல்லிவிட்டுத் தீப்பெட்டி எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் பேப்பர் காலி. மாமா துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் கையைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"பாத்தீங்களா மச்சான், வரி கட்டாம ஒண்ணு உள்ள கொண்டாந்துட்டேன்."

அதற்குப் பிறகு ஒரு மாசம் நான் தினமும் காலையில் அந்தத் தொட்டியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது துளசிக்குக் கும்பிடு போட அல்ல. உருளைக்கிழங்கு முளைக்கிறதா என்று பார்க்கத்தான்.