மணி அடிக்காத அறை

குருநகரில் யாகோப்புவின் மகன் கனிசியஸ் என்று விசாரித்தால் சிலர் யோசிப்பார்கள். கடலுக்குப் போகாத கனிசியஸ் என்றால் உடனே வீட்டைக் காட்டிவிடுவார்கள். தகப்பனும் தமையன்மாரும் கடற்றொழிலாளர். இவர் மட்டும் இளவயதில் ஒருநாள் வள்ளத்திலிருந்து இறங்கி, இனி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். புயல் அடிக்கவில்லை, வள்ளம் கவிழவும் இல்லை. அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாத தண்ணீரின்மேல் இருப்பது தமக்கு இயலாது என்பதே அவர் கூறிய காரணம். தமையன்மார் சிரித்தார்கள். தகப்பன் சிரிக்காமல் அவரை மின்வேலை பழக அனுப்பினார்.

பயந்தவனுக்கு மின்வேலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவரிடம் ஒரு மறுமொழி இருந்தது.

"கரண்ட் இருக்குதோ இல்லையோ எண்டு மீற்றரை வைச்சுப் பார்க்கலாம். கடலுக்கு ஆரும் மீற்றர் செய்யேல்லையே."

நாற்பது வயதைத் தாண்டிய பின்னரும் அவர் மாறவில்லை. பூட்டிய கதவைத் திரும்பி வந்து தள்ளிப் பார்ப்பார். கட்டட மின்வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுக்கும் கோபிசங்கர் என்ற கொந்தராத்துக்காரரிடம் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது, தீ எச்சரிக்கை மணி பூட்டும் வேலையை அவருக்கென்றே ஒதுக்கினார்கள். ஒருமுறை செய்ததை மூன்றுமுறை பார்க்கும் ஆள் அந்த வேலைக்குத் தேவை. அத்தகைய மனிதர் ஒரு தவறு செய்தார். அந்தத் தவற்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

உடுவிலில் ஒரு தனியார் முதியோர் இல்லம் கட்டப்பட்டது. முன்புறம் புதிய மாடிக் கட்டடம். பின்புறம் பழைய ஓட்டுவீடு. படிகள் ஏறத் தேவையில்லை என்பதால், எழுந்து நடக்க இயலாத பெண்களை ஓட்டுவீட்டின் பெரிய அறையில் வைப்பதென்று முடிவாயிற்று. அடுத்த சுவருக்கு அப்பால் சமையல் நடக்கும் குசினி.

ஓட்டுவீட்டு அறைகளின் சீலிங்கில் வெப்ப உணரிகள் பூட்டப்பட்டன. அறை சூடேறினால் அவை உணர்ந்து மணியை அடிக்கச் செய்யும். ஓர் அறையின் உணரிகள் எல்லாம் ஒரே வயரில் வரிசையாகத் தொடுக்கப்பட்டு, சீலிங்குக்கு மேலே, கூரைக்குள் இருக்கும் ஒரு சிறிய வெள்ளைப் பெட்டிக்கு வந்து சேரும். அதை மொடியூல் என்பார்கள். முன் மண்டபத்தில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையான பனலுக்கு அந்த அறையின் நிலைமையை அறிவிப்பது அதுவே. வரிசையின் கடைசி உணரியில் ஒரு சிறு தடையியைப் பூட்டுவார்கள்; வேலையாட்களின் வாயில் அது றெசிஸ்ரர். மொடியூல் எப்போதும் வயரில் சிறிது மின்னை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும். அது கடைசித் தடையிவரை போய்த் திரும்பினால் வயர் முழுமையாக இருக்கிறது என்று பொருள். பனலில் பச்சை விளக்கு. வயர் எங்காவது அறுந்தால் மஞ்சள் விளக்கு எரியும். பனல் கீச்சிடத் தொடங்கும்.

திறப்புவிழா நாளில் பால் காய்ச்ச அடுப்பு மூட்டும்போது பனல் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஓட்டுவீட்டில் மேசனின் கட்டுவேலை பிந்தியதால் சில அறைகளுக்கு வயர் இழுக்கப்படவில்லை. இல்லத்தின் உரிமையாளர் வாகீசன், பட்டுவேட்டியோடு வந்து நின்றார்.

"பால் பொங்கிற நேரத்திலை உது ஆந்தை மாதிரிக் கத்துறதோ? எனக்கு மனம் சரியில்லை. நிப்பாட்டுங்கோ."

கோபிசங்கர் கனிசியஸை ஒதுக்கமாக அழைத்துச் சென்றார்.

"வயர் இல்லாத மொடியூலுகளிலை றெசிஸ்ரரை அப்பிடியே மொடியூலோடை பூட்டிவிடும். பனல் வாயை மூடும். மேசன் முடிக்கத் தனோஜன் வந்து வயர் இழுத்துக் குடுப்பான். அந்தப் பக்கம் ஆக்கள் வர இன்னும் நாள் கிடக்கு."

கனிசியஸ் கூரைக்குள் ஏறினார். கீழே நல்லநேரம் போய்க்கொண்டிருந்தது, எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். அவர் தடையிகளைப் பூட்டினார். பனல் அடங்கியது. பச்சை விளக்கு எரிந்தது. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியதாக எல்லோரும் மகிழ்ந்தார்கள். மறுநாள் அவரை மன்னாரில் ஒரு விடுதி வேலைக்கு அனுப்பினார்கள்.

மன்னார் வேலை முடிந்து திரும்பியவர், சுன்னாகத்தில் ஒரு களஞ்சிய வேலைக்கு, உடன் வேலைசெய்யும் தனோஜனோடு போனார். காலைத் தேநீர் வேளையில், வெங்காய மூட்டைகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"உடுவிலிலை பின்வீட்டுக்கு வயர் இழுக்கேக்கை சீலிங் இடைஞ்சல் தந்ததோ?"

"எந்த வயர் அண்ணை?"

"பின்வீட்டு வயர். நீ இழுத்தனியல்லோ?"

"விழாவுக்கு முதல் நான் உணரியளைச் சீலிங்கிலை திருகி மட்டும்தான் விட்டனான். மேசன் முடிஞ்சாப் பிறகு வந்து பனலைப் பார்த்தன், எல்லாம் பச்சை. நீங்கள் இழுத்துப்போட்டுத்தான் போயிட்டியள் எண்டு நினைச்சன்."

கனிசியஸ் கோப்பையை வைத்துவிட்டார். உணரிகள் சீலிங்கில் இருக்கின்றன. அவற்றின் பின்னால் வயர் இல்லை. பார்ப்பவருக்கு எல்லாம் சரி. பனலுக்கும் எல்லாம் சரி. இதைவிட அவரை அச்சுறுத்தியது வேறொன்று. எத்தனை மொடியூல்களில் அப்படிப் பூட்டினார் என்பது அவருக்கு நினைவில்லை. இரண்டா, மூன்றா? எந்த அறைகள்?

"பின்வீட்டிலை ஆக்கள் வந்திட்டினமே?"

"போன மாசமே வந்திட்டினம். படுக்கையிலை கிடக்கிற அம்மாக்கள்."

அவர் மோட்டார்ச் சைக்கிளில் உடுவிலுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை. மதிய சமையல் நேரம் நெருங்குகிறது என்ற ஒரே நினைவுதான் வழியெல்லாம் இருந்ததாம். இல்லத்தின் வாசலில் இறங்கி முதலில் கூரையைப் பார்த்தார். புகை இல்லை.

இல்லத்தின் மேற்பார்வையாளர் நவமணி, ஓய்வுபெற்ற தாதி. கனிசியஸ் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

"தம்பி, பச்சை லைற்றுத்தானே எரியுது?"

"அதுதானம்மா பயமா இருக்கு. மஞ்சள் எரிஞ்சால் நான் இஞ்சை ஓடி வந்திருக்கமாட்டன்."

செய்யவேண்டியதைக் கனிசியஸ் விளக்கினார். ஒவ்வோர் அறையிலும் கடைசி உணரியைக் கழற்றுவார். வயர் உண்மையாகவே இருந்தால் அந்த இடத்தில் தொடுப்பு அறும், பனல் கீச்சிடும். நவமணி பனலின் முன் நின்று சத்தம் கேட்டால் சொல்லவேண்டும். கீச்சிட்டால் நல்லது; உணரியைத் திரும்பப் பூட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போவார்.

முதல் அறை. ஏணியில் ஏறி உணரியைத் திருகிக் கழற்றினார்.

"அடிக்குது!" என்று நவமணி மண்டபத்திலிருந்து கத்தினார்.

இரண்டாவது அறை. "அடிக்குது!"

துணிகள் வைக்கும் அறை. "அடிக்குது தம்பி!"

குசினியில் பெரிய அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மூலையில் காஸ் சிலிண்டர்கள். கனிசியஸ் ஏணியை நிறுத்தி, உணரியைக் கழற்றி, காத்திருந்தார். கொதிக்கும் ஓசை மட்டுமே கேட்டது.

"அம்மா, அடிக்குதோ?"

"இல்லை."

"வடிவாப் பாருங்கோ."

"பார்த்துக்கொண்டுதான் நிக்கிறன். பச்சைதான் எரியுது."

உணரியின் பின்புறம் வெறுமையாக இருந்தது. சீலிங்கில் இரண்டு திருகாணித் துளைகள், அவ்வளவுதான். நவமணி குசினி வாசலுக்கு வந்து அதைப் பார்த்தார். உடனே அடுப்பை அணைக்கச் சொன்னார். சோறு பாதிதான் வெந்திருக்கிறது என்று சமையல்காரப் பெண் முறையிட்டாள்.

"பாதியோ முழுசோ, அணை பிள்ளை. இண்டைக்குக் கடையிலை எடுப்பம்."

அடுத்தது பெண்களின் பெரிய அறை. வரிசையாகக் கட்டில்கள். யன்னலோரக் கட்டிலில் இருந்த லூர்த்தம்மா, ஏணியையும் அதன்மேல் வியர்த்து நிற்கும் மனிதரையும் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மோனை, மேலை பல்லி பிடிக்கிறியோ?"

"இல்லையம்மா. ஒரு சின்ன வேலை."

"சின்ன வேலைக்கு ஏன் உந்த வேர்வை? விழுந்தாலும் என்ரை கட்டிலிலை விழாதை. எனக்கு இருக்கிற எலும்பே போதாது."

உணரியைக் கழற்றினார். மண்டபத்திலிருந்து சத்தம் வரவில்லை. நவமணி வந்து கதவடியில் நின்று, பச்சைதான் என்றார். ஒரு மாதமாக அந்தப் பெண்கள் இரவில் மேலே பார்த்துப் படுத்திருந்தது எதனோடும் இணைக்கப்படாத ஒரு வெள்ளை மூடியை.

கனிசியஸ் கோபிசங்கரைத் தொலைபேசியில் அழைத்தார். அழைப்பு எடுக்கப்பட்டதும் மறுமுனையிலிருந்து பேச்சு வந்தது.

"தனோஜன் சொன்னவன். இப்ப ஒண்டும் கழட்டாதையும். நாளைக்கு ஆறுதலா வந்து சத்தமில்லாமல் செய்வம். அங்கை நிண்டு ஆரோடையும் கதையாதையும்."

கதைக்க வேண்டிய ஆள் அதற்குள் வந்துவிட்டார். வாகீசன் தம் அறையிலிருந்து இறங்கி வந்திருந்தார். குசினியில் அடுப்பு ஏன் அணைந்தது என்று கேட்டுக்கொண்டே வந்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் வெளிறியது. ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது.

"பின்னேரம் கனடாவிலையிருந்து வந்த சொந்தக்காரர் தாயைப் பார்க்க வருகினம். அவை வரேக்கை உது கத்திக்கொண்டு நிண்டால் நான் என்ன சொல்லுறது? பூட்டினதைப் பூட்டினபடி விடும். நாளைக்குச் செய்யலாம்."

கனிசியஸ் பிறர் முகத்தைப் பார்த்து மறுத்துப் பேசிய மனிதர் அல்லர். அன்றும் அவர் பார்க்கவில்லை. ஏணியின் படியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஐயா, எனக்கு இரவு நித்திரை வராது. நான் மேலை ஏறுறன்."

அவர் கூரைக்குள் ஏறினார். ஓடுகளின் கீழே வெக்கை. இருட்டில் கைவிளக்கின் வட்டம் மட்டும். தம்மைத் தாங்கும் மரம் எது, தாங்காத சீலிங் பலகை எது என்று கையால் தட்டித் தட்டி நகர்ந்தார். எங்கோ குளவிக்கூடு இருந்தது. ரீங்காரம் காதருகே வந்து போயிற்று. முழங்காலின் கீழே மெல்லிய பலகை. அதற்குக் கீழே கட்டில்கள். தெரியாத ஆழத்தின்மேல் இருக்கும் அந்தப் பழைய பயம் திரும்ப வந்தது. கண்ணை மூடிக்கொண்டு செபம் சொல்லப் பார்த்தார். பாதியில் சொற்கள் மறந்துபோயின.

பெண்களின் அறைக்கான மொடியூல் தூசியில் இருந்தபடி, நலமே என்று சொல்வது போலப் பச்சையாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றித் தடையியைப் பிடுங்கினார். கீழே பனல் கீச்சிட்டது. குசினிக்கான மொடியூலிலும் அவ்வாறே செய்தார்.

"நிப்பாட்டும்! ஆக்கள் வரப்போகினம்!" என்று வாகீசன் கீழிருந்து கத்தினார்.

"கத்தட்டும்," என்ற நவமணியின் குரலும் கேட்டது. "வாறவைக்கு நான் சொல்லுறன்."

தனோஜன் வயர்ச்சுருளோடு சுன்னாகத்திலிருந்து வந்துசேர்ந்தான். ஒருவர் மேலிருந்து வயரை இறக்க, மற்றவர் கீழிருந்து உணரிகளில் தொடுத்தார். தடையியை இம்முறை கடைசி உணரியிலேயே பூட்டினார்கள். பனல் தானாக அடங்கியது. பிறகு எல்லா அறைகளையும் முதலிலிருந்து மீண்டும் சோதித்தார்கள். வயர் இல்லாத மூன்றாவது அறை எங்கும் இருக்கவில்லை. அப்படியிருந்தும் கனிசியஸ் இன்னொரு முறை சுற்றிவந்தார்.

எஞ்சியது உண்மையான சோதனை. நவமணி தலைமயிர் உலர்த்தும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். பெண்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கனிசியஸ் ஏணியில் நின்று சூடான காற்றை உணரிமீது பிடித்தார். சற்று நேரம் எதுவும் நடக்கவில்லை. அவர் முகத்தில் இரத்தமே இல்லை என்று தனோஜன் பின்னர் சொன்னான். திடீரென வீடு முழுவதும் மணி அடித்தது. காகங்கள் கூரையிலிருந்து எழுந்தன. கனிசியஸ் ஏணியில் அமர்ந்துவிட்டார்.

மணியை நிறுத்தினார்கள். லூர்த்தம்மா தலையணையில் தலையைத் திருப்பினார்.

"நல்லாத்தான் அடிக்குது. அடிச்சாப் பிறகு எங்களை ஆர் மோனை தூக்கிறது?"

இரவில் அந்தப் பகுதிக்கு ஒரே ஒரு பராமரிப்பாளர்.

"கட்டிலுக்குச் சில்லு இருக்குத்தானே," என்றார் வாகீசன். "அப்பிடியே உருட்டிக்கொண்டு போகலாம்."

"ஒருக்கா உருட்டிப் பாப்பமே ஐயா?" என்று கனிசியஸ் கேட்டார்.

லூர்த்தம்மாவின் கட்டிலையே எடுத்தார்கள். வாகீசன் தலைமாட்டில், தனோஜன் கால்மாட்டில். கட்டில் அறையைக் கடந்து கதவுநிலைவரை வந்தது. அங்கே இடித்து நின்றது. சரித்துப் பார்த்தார்கள், மறுபக்கம் இடித்தது. அப்போதுதான் நவமணிக்கு நினைவு வந்தது. அந்தக் கட்டில்கள் கதவால் உருண்டு வந்தவையல்ல. துண்டு துண்டாகக் கொண்டுவந்து உள்ளே பூட்டப்பட்டவை.

"தள்ளுங்கோ தள்ளுங்கோ," என்றார் லூர்த்தம்மா. "எனக்கு அவசரமில்லை. நெருப்புத்தான் நிக்காது."

கனிசியஸ் அளவுநாடாவை எடுத்துக் கதவுநிலையில் வைத்தார். முனை நிலையில் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. வாகீசன் குனிந்து அந்த முனையைத் தம் பெருவிரலால் அழுத்திப் பிடித்தார். கட்டில் கதவைவிட ஒரு சாண் அகலம் கூடியிருந்தது.

மாலையில் உறவினர்கள் வந்தபோது, அந்தப் பெண்கள் எல்லோரும் படுக்கைவிரிப்புகளில் தூக்கப்பட்டு முன் மண்டபத்தில் படுத்திருந்தார்கள். பின்வீட்டுக் கதவுநிலையை ஒரு மேசன் உடைத்துக்கொண்டிருந்தார். சத்தம் எதற்கென்று விருந்தினர் கேட்டார்கள். வாகீசன் அவர்களை அழைத்துச் சென்று கதவையும் கட்டிலையும் காட்டினார். கனிசியஸ் பக்கத்தில் நின்றார். உடைத்து அகலமாக்கிய வாசலால் அந்தக் கட்டில் உருண்டு வெளியே வரும்வரை வீட்டுக்குப் போகவில்லை.