ஆறாம் கட்டிலின் பதில்கள்

டிரைவர் அண்ணன் பேச ஆரம்பித்தால் என் டயாலிசிஸ் மெஷின் கத்தும். அவர் இடது கையில் இரண்டு ஊசி குத்தியிருப்பேன். ஒரு குழாய் வழியாக ரத்தம் வெளியே போய், மெஷினில் சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். நாலு மணி நேரம் அந்தக் கையை மடக்கக் கூடாது. அவரோ இரண்டு கையையும் ஆட்டாமல் கால்பந்து பேசத் தெரியாதவர். கை மடங்கும், குழாய் நெளியும், மெஷின் அலறும், நான் ஓடுவேன்.

"அண்ணே, கோச்சா யாரு வேணா வரட்டும். நான் குத்துன கை அது. அசைக்காதீங்க."

"நீ பக்கத்துக் கட்டிலைக் கேளும்மா. அவர் பேசற பேச்சுக்குக் கல்லுக்குக்கூடக் கை முளைக்கும்."

அவர் இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்த, அதற்கு மேல் கத்திப் பழகிய தொண்டை. ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை என்பதை மாதம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். இரண்டு சிறுநீரகமும் கையை விரித்த பிறகு வண்டியை விட்டுவிட்டு எங்கள் டயாலிசிஸ் வார்டுக்கு வந்தார். திங்கள், புதன், வெள்ளி, மத்தியான ஷிஃப்ட், ஐந்தாம் கட்டில். ஒரே மகள், கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் செய்வாள்.

ஆறாம் கட்டில் லிஃப்ட் மெக்கானிக்குடையது. ஒல்லியான ஆள், மெதுவான பேச்சு, ஒவ்வொரு வார்த்தையிலும் குத்தல். டிரைவர் அண்ணனுக்கு 'ஹாரன்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு மெஷினும் ஒரு முக்காலியும் மட்டும்தான் இருந்தன. இரண்டு வருடம் அந்த இடைவெளியில் அவர்கள் பேசாத ஆட்டம் இல்லை.

தேசிய அணி தகுதிச் சுற்றில் ஆறு கோல் வாங்கிக்கொண்டு வந்தது. கோச்சை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்து யார் என்ற சண்டை அன்று மதியமே எங்கள் வார்டில் தொடங்கிவிட்டது. டிரைவர் அண்ணனின் ஆள் பழைய கேப்டன். முழங்கால் போன பிறகு இளைஞர் அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர். லிஃப்ட்காரரின் ஆள் ஒரு வெளிநாட்டுக்காரர், நரைத்த தாடி, பேர் சொல்லத் தெரியாத ஒரு சின்ன நாட்டை உலகப் போட்டிக்குக் கொண்டுபோனவர். கால்பந்துச் சங்கத்துக்காரர்கள் 'பரிசீலனையில் இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு இழுக்கமாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் டிரைவர் அண்ணனின் மனைவி இறந்துபோனார். காலையில் கடைக்குப் போனவர் வழியிலேயே விழுந்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்து மகள் ஊருக்குத் திரும்பினாள். அடுத்த திங்கள் ஐந்தாம் கட்டில் காலியாக இருந்தது. புதனும் காலி. நான் போன் செய்தேன். "எதுக்கும்மா இனிமே" என்று சொல்லி வைத்துவிட்டார். டயாலிசிஸை விட்டவர் எத்தனை நாள் இருப்பார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

லிஃப்ட்காரர் தன் போனைத் தரச் சொன்னார். ஒரு கையில் ஊசி இருந்ததால் நான்தான் நம்பரை அழுத்தி அவர் காதில் வைத்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"டிரைவரே, வெள்ளிக்கிழமை நீங்க வரலைன்னா, நரைத்தாடிதான் சரின்னு நீங்க ஒத்துக்கிட்டதா வார்டுல எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்."

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கெல்லாம் எடை மெஷின் மேல் நின்றிருந்தார் டிரைவர் அண்ணன். மூன்றரைக் கிலோ நீர் ஏறியிருந்தது, மூச்சு இரைத்தது. அந்த இரைப்போடு ஆறாம் கட்டிலைப் பார்த்துத் திட்டினார். நான் மருந்து அறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு லிஃப்ட்காரர் ஒரு விஷயத்தை வழக்கமாக வைத்துக்கொண்டார். ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது ஒரு கேள்வியை ஐந்தாம் கட்டிலின் மேல் போட்டுவிட்டுப் போவார். "உங்க கேப்டன் வந்தா கோல்கீப்பரா யாரை நிறுத்துவாரு? யோசிச்சிட்டு வாங்க." இவர் இரண்டு நாள் யோசித்துப் பதிலோடு வருவார். யோசிக்க ஒன்று இருக்கிறவர் திரும்பி வருவார் என்று அந்த மனுஷன் எங்கே படித்தாரோ தெரியாது.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை லிஃப்ட்காரர் வீட்டிலேயே போய்விட்டார். தூக்கத்தில் இதயம் நின்றுவிட்டது என்று அவர் மனைவி போனில் சொன்னார்.

எங்கள் வார்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் தெரியும். ஒரு நோயாளி இறந்துபோனால் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் சொல்வதில்லை. கேட்டால், 'காலை ஷிஃப்டுக்கு மாறிட்டாரு' என்போம். காலை ஷிஃப்ட் என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறது, நிஜமாகவே ஆட்கள் மாறுவார்கள். அதனால் அந்தப் பொய் நிற்கும். பெரும்பாலும் யாரும் இரண்டாம் தடவை கேட்கமாட்டார்கள். லிஃப்ட்காரர் வேறு, மத்தியானம் வேலைக்குப் போக வசதியாக இருக்கும் என்று காலை ஷிஃப்ட் கேட்டுக்கொண்டே இருந்தவர்.

திங்கட்கிழமை டிரைவர் அண்ணன் வந்து ஆறாம் கட்டிலைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன், பொய் தானாக வந்தது.

"சொல்லாம கொள்ளாமயா?" என்றார். முகம் தொங்கிப்போய்விட்டது. "போன் வேற எடுக்கலை."

"போன் தண்ணில விழுந்துடுச்சாம் அண்ணே. உங்களுக்கு ஒரு கேள்வி விட்டுட்டுப் போயிருக்காரு." இதைச் சொல்லவேண்டும் என்று எந்த வழக்கமும் எனக்குச் சொல்லவில்லை. அந்தத் தொங்கிய முகத்தைப் பார்த்துப் பயந்து நானாகச் சொன்னது. "உங்க கேப்டனுக்கு வெளிநாட்டு ஆட்டக்காரங்களைப் பத்தி என்ன தெரியும்னு கேட்டாரு."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பதில் சொல்ல ஆரம்பித்தார். கை மடங்கியது, மெஷின் கத்தியது. எனக்கு உயிர் வந்தது.

எனக்குக் கால்பந்து தெரியாது. பதினொரு பேர் என்பதுகூட லிஃப்ட்காரர் சொல்லித்தான் தெரியும். முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். ஆஃப்சைடு பற்றி லிஃப்ட்காரர் சொன்னதாக நான் கொண்டுவந்த பதிலைக் கேட்டு, "லிஃப்ட்காரர் இப்படிப் பேசமாட்டாரே, ஏதோ பாடப் புத்தகம் மாதிரி இருக்கே" என்றார். அன்றிலிருந்து வீட்டில் ஆட்டம் பார்க்க ஆரம்பித்தேன். பேருந்தில் விளையாட்டுப் பக்கம் படித்தேன். நரைத்தாடிக்காரரின் பேட்டி எங்கே வந்தாலும் தேடிப் பிடித்தேன். "உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்ட என் வீட்டுக்காரர், இரண்டு மாதத்தில் என்னிடம் வாதாடித் தோற்க ஆரம்பித்தார்.

லிஃப்ட்காரரின் பேச்சும் கைவந்துவிட்டது. அவருக்கு எல்லாமே லிஃப்ட்தான். "இரும்புக் கயிறு தேஞ்சு கிடக்கு, இவரு பட்டனை மாத்துங்கன்றாரேன்னு கேட்டாரு அண்ணே" என்று ஒரு நாள் சொன்னேன். டிரைவர் அண்ணன் கட்டில் குலுங்கச் சிரித்தார். "இது அவரேதான்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அதை நினைத்தால் கூசுகிறது.

ஏனென்றால் சிரிப்போடு நின்றுவிடவில்லை. அவருக்குள் ஒரு மனத்தாங்கல் வளர்ந்துகொண்டே இருந்தது. புது நம்பர் கேட்டார்; வாங்கித் தருகிறேன் என்று நாள் கடத்தினேன். "நம்ம நம்பர் அவருக்குத் தெரியும்ல? வேணும்னா அவரு கூப்பிடட்டும்" என்று ரோஷமாகிவிட்டார். ஒவ்வொரு பதிலோடும் ஒரு திட்டும் சேர்ந்து வந்தது. நன்றி கெட்ட மனுஷன் என்றார். தோற்கப் போகிறோம் என்று தெரிந்து ஓடிப்போன பயந்தாங்கொள்ளி என்றார். ஒரு நாள், "எங்க வீட்டம்மா போனப்ப வாசல்ல வந்து நின்னாரு, ஊசி குத்துன கையில பஞ்சோட. இப்போ ஒரு எட்டு வந்து பார்க்கத் தோணலையே. இந்த ஆளைப் போய் மனுஷன்னு நினைச்சேனே" என்றார்.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த வாரம் இந்தக் கட்டிலும் காலியாகிவிடும் என்று பயந்தேன். நாட்டில் எல்லோரும் சங்கம் சீக்கிரம் முடிவெடுக்கவேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தபோது, எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நாலாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அறிவித்தார்கள். கேப்டன்தான்.

புதன்கிழமை நான் பதினொரு மணிக்கு வேலைக்கு வந்தேன். பதிவு மேசையில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். டிரைவர் அண்ணன் காலை ஆறு மணிக்கே வந்திருக்கிறார். சலவை செய்த சட்டை, வாரிய தலை. காலை ஷிஃப்டில் லிஃப்ட்காரர் எந்தக் கட்டில் என்று கேட்டிருக்கிறார், நேரில் பார்த்துக் கிண்டல் செய்துவிட்டுப் போகவேண்டும் என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். பதிவு மேசைக்காரர் வேலைக்குப் புதுசு, வழக்கம் தெரியாது. நோட்டைப் புரட்டிப் பார்த்து, "அவர் இறந்து நாலு மாசம் ஆச்சே" என்று சொல்லியிருக்கிறார்.

"கொஞ்ச நேரம் அந்த பெஞ்சுல உட்கார்ந்திருந்தாரு மேடம். அப்புறம் எந்திரிச்சுப் போயிட்டாரு."

அன்று மத்தியானம் அவர் வரவில்லை. ஒன்பது தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. வியாழக்கிழமை அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. கதவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தார். நாலரைக் கிலோ ஏறியிருந்தது, செருப்புக்குள் கால் நுழையாமல் குதிகால் வெளியே நின்றது. கட்டிலில் உட்கார்ந்தார், படுக்கவில்லை. நான் ஊசித் தட்டோடு பக்கத்தில் நின்றேன். இரண்டு வருடமாக அவருக்கு ஊசி குத்துவது நான் மட்டும்தான். வேறு யாரும் கிட்டே வந்தால் விடமாட்டார்.

"புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்" என்றார். அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று எனக்குத் தெரியாது. "அந்தம்மா கதவைத் திறந்ததும், 'எல்லாரும் வந்தாங்கண்ணே, நீங்க மட்டும்தான் வரலை'ன்னாங்க. அப்புறம், கோச்சு யாருன்னு முடிவாயிடுச்சான்னு கேட்டாங்க. கேப்டன்னு சொன்னேன். 'அப்போ அவரு தோத்துட்டாரா'ன்னு அழுதாங்க."

"அண்ணே, நீங்க வராம இருந்துடுவீங்கன்னு பயந்துதான்—"

"தெரியும்மா. எனக்காகத்தான் செஞ்சே. அது எனக்குத் தெரியும்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நாலு மாசம் அவரைத் திட்டுனேன். வாயில வந்ததையெல்லாம் சொன்னேன். நீ கேட்டுக்கிட்டு நின்னே. செத்தவரைப் போய்த் திட்ட வச்சிட்டியேம்மா."

அவர் தலையைத் திருப்பி, அந்தப் பக்கம் நின்ற இன்னொரு டெக்னீஷியனைக் கூப்பிட்டார். நல்ல பையன்தான், ஆனால் கைராசி இல்லாதவன். முதல் குத்து தவறியது, இரண்டாவதும் தவறியது. தோலுக்கடியில் ரத்தம் கட்டி நீலமாக வீங்கியது. டிரைவர் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையை என் பக்கம் நீட்டவில்லை.

நான் பயந்தது நடக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒரு நாள்கூடத் தவறவில்லை. தானாகவே வந்தார், எடை பார்த்தார், படுத்தார், கூரையைப் பார்த்தார், போனார். ஏன் வந்தார் என்று எனக்குத் தெரியாது. மெஷின் கத்தவே இல்லை. என்னிடம் பேசவேண்டிய அவசியம் வந்தால் 'சிஸ்டர்' என்றார். 'அம்மா' போய்விட்டது.

ஏழு மாதத்தில் கேப்டனையும் தூக்கினார்கள். வரிசையாக ஐந்து தோல்வி. வார்டு மறுபடி சூடு பிடித்தது, ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். ஆறாம் கட்டிலுக்குப் புதிதாக வந்திருந்த தபால்காரர், பாவம், ஒன்றும் தெரியாமல் பக்கத்தில் திரும்பிக் கேட்டார்.

"நீங்க சொல்லுங்கண்ணே. அடுத்து யாரைப் போடலாம்?"

டிரைவர் அண்ணன் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் யாரைச் சொன்னாலும் அதை மறுத்துப் பேச ஆள் இல்லைங்க. விடுங்க" என்றார்.

நான் அவர் கால்மாட்டில் நின்று அட்டையில் ரத்த அழுத்தம் குறித்துக்கொண்டிருந்தேன். மறுத்துப் பேச என்னிடம் எல்லாம் இருந்தது. நரைத்தாடிக்காரர் இப்போது எந்த அணியில் இருக்கிறார், வரச் சம்மதிப்பாரா, அவர் வந்தால் கோல்கீப்பர் யார், எல்லாம் தெரியும். லிஃப்ட்காரர் அதை எந்தக் குரலில் சொல்லியிருப்பார் என்பதுகூடத் தெரியும். நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.