பத்தொன்பதாவது புள்ளி

ஜெராக்ஸ் அக்காவுக்குப் புள்ளியைக் கண்டாலே ஆகாது. இருபத்தாறு வருஷம் நகலெடுக்கும் கடையில் நின்றவள். கண்ணாடியில் ஒரு தூசி உட்கார்ந்தால் நூறு தாளிலும் நூறு புள்ளி விழும், வந்தவர்கள் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். முதலாளி ஒருநாள் கடையை இழுத்து மூடியபோது, "இனி என்னக்கா பண்ணப்போற?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "தொடைக்கற வேலதான்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார்கள். அவள் எங்கே விளையாடினாள்?

மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் இரைச்சல் போடும் பழைய கம்ப்யூட்டர். உரிமைக்காலம் முடிந்துபோன பழைய புத்தகங்களைச் சில நூலகங்கள் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து இணையத்தில் போட்டு வைத்திருக்கின்றன. யாரும் எடுக்கலாம், அச்சடிக்கலாம், விற்கவும் செய்யலாம். எடுத்துப் பார்த்தால்தான் லட்சணம் தெரியும்: கோணல் பக்கம், காப்பிக் கறை, ஓரத்தில் படம்பிடித்தவரின் கட்டைவிரல். அக்கா அதையெல்லாம் நிமிர்த்தி, வெளுத்து, கோடுகளைத் தெளிய வைத்துத் தன் இணையக் கடையில் விற்றாள். கதைப் புத்தகங்களில் போட்டி அதிகம் என்று அந்தப் பக்கமே போகவில்லை. கடிகாரம் பிரித்து மாட்டுவது, நாற்காலி செய்வது, கோட்டு தைப்பது என்று கைவேலைக்காரர்கள் தேடுகிற நூறு வருஷத்துப் புத்தகங்கள்தான் அவள் சரக்கு. மூன்றாவது வருஷம் வாடகையும் சாப்பாடும் அதிலேயே நடந்தது. அந்த மிதப்பு அவள் நடையில் தெரியும். தெரியட்டுமே, உழைத்துச் சம்பாதித்த மிதப்புதானே.

ஒரு வழக்கம் வைத்திருந்தாள். விற்கும் ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும், "இதே புத்தகம் கீழே உள்ள முகவரியில் இலவசமாகக் கிடைக்கும். நீங்கள் கொடுத்த காசு நான் துடைத்ததற்கு" என்று எழுதி, நூலகத்தின் முகவரியையும் போட்டுவிடுவாள். செல்போன் கடையில் விற்பனை பார்க்கும் அவள் தம்பிக்கு இதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"எந்தக் கடைக்காரனாவது, இந்தச் சாமான் பக்கத்துல சும்மா கிடைக்கும்னு போர்டு வைப்பானாக்கா?"

"சலவைக்காரன் துணிய தன்னோடதுன்னு சொல்லுவானாடா? வெளுத்ததுக்குத்தான கூலி."

"நீ உருப்பட மாட்ட."

"நீ கட்டியிருக்கற வாட்ச் நான் வாங்கிக் குடுத்தது. மணி என்ன ஆச்சு பாரு, வேலைக்குப் போ."

இப்படிப்பட்ட அக்காவின் தையல் புத்தகத்தை, நாடகக் குழுக்களுக்கு உடை தைக்கும் ஒரு பட்டறை வாங்கியது. அதில் உள்ள வெட்டுப்படத்தைப் பார்த்து நாற்பது கோட்டு தைக்கப் போகிறார்களாம். துணி வந்துவிட்டது, வியாழக்கிழமை பத்து மணிக்கு வெட்டுகிறோம் என்று செய்தியும் அனுப்பினார்கள். அக்கா அதைக் கட்டடம் முழுக்கச் சொல்லித் தீர்த்தாள்.

வியாழக்கிழமை காலை. கீழ் வீட்டுத் தையல்காரம்மா ஒரு கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாள்.

"அக்கா, நீ குடுத்த அதே கோட்டுப் படத்த வெச்சு எங்க வீட்டுக்காரருக்குத் தைச்சேன். கையத் தூக்கினா கோட்டே மேல ஏறுது. முப்பது வருஷமா தைக்கறேன், எனக்கா தைக்கத் தெரியல?"

"உனக்குத் தெரியாம இருக்குமா. என்ன குறை?"

"குறியே இல்லக்கா. கைய எங்க சேக்கணும், பைக்கு எங்க கீறணும்னு சின்னதா புள்ளி வைப்பாங்க. இதுல ஒண்ணுகூடக் காணோம். நானா குத்துமதிப்பா வெச்சேன்."

அக்கா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். நூலகத்திலிருந்து எடுத்த பழைய பக்கத்தைத் திறந்தாள். இருந்தன, தோளில், கையில், பையில். அழுக்கு என்று நினைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவளே அழித்திருந்தாள், அதுவும் எவ்வளவு ஆசையாக. மணி ஒன்பது ஐம்பது. கீறக் கூடாத இடத்தில் கீறிவிட்டால் நாற்பது கோட்டுத் துணியும் பாழ், அதோடு அவள் கடையின் பெயரும் பாழ்.

"பேசாம இரு. அவங்க வெட்டினதுல தப்புன்னு நெனச்சுக்குவாங்க" என்றாள் தையல்காரம்மா.

"வாயக் கழுவு" என்று சொல்லிவிட்டு அக்கா போனை எடுத்தாள். இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை பட்டறையின் கட்டிங் மாஸ்டர் எடுத்தார்.

"புத்தகம் வித்தவ பேசறேங்க. குறிப்புள்ளிய அழுக்குன்னு நெனச்சு அழிச்சுட்டேன். தப்பு முழுக்க என்னோடது. கத்திரிய கீழ வைங்க."

"கத்திரிய இன்னும் எடுக்கவே இல்லம்மா" என்றார் அவர். "சும்மா கிடைக்கும்னு முதல் பக்கத்துல நீங்களே விலாசம் போட்டிருந்தீங்களே. யாருடா இப்படிப்பட்ட ஆளுன்னு நேத்து அங்க போய்ப் பாத்தேன். அதுல புள்ளி இருக்கு, உங்களோடதுல இல்ல. உங்க ஆன்லைன் கடைப் பக்கத்துல நாக்கப் புடுங்கிக்கற மாதிரி எழுதணும்னு பாதி எழுதிட்டேன்."

"அத அழிச்சுடுங்களேன்."

"அழிக்கறதுல நீங்கதானம்மா கெட்டிக்காரங்க."

அக்காவுக்கு முகம் சுட்டது. வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தாள். ஆனால் அவர் போனை வைக்கவில்லை.

"அந்தச் சும்மா படத்த வெச்சு வெட்டவும் முடியல. கறை எது, கோடு எதுன்னே புரியல. உங்களோடதுல கோடெல்லாம் அவ்வளவு சுத்தமா இருக்கு. புள்ளிய மட்டும் வெச்சுக் குடுங்க, காத்திருக்கோம்."

"முக்கால் மணி நேரம்" என்றாள் அக்கா.

தையல்காரம்மா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இது கை, இது பை என்று சொல்லச் சொல்ல, தான் அழித்த புள்ளிகளை அக்கா ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தாள். தன் ஜென்ம விரோதிக்குத் தானே நாற்காலி போட்டு உட்காரவைக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. படத்தைப் பட்டறைக்கு அனுப்பினாள். ஏற்கெனவே அந்தப் புத்தகத்தை வாங்கியிருந்த மற்ற பதினொரு பேருக்கும் மன்னிப்புக் கடிதத்தோடு அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் மாஸ்டர் கூப்பிட்டார்.

"அம்மா, பழைய படத்துல பத்தொம்பது புள்ளி. உங்களோடதுல பதினெட்டுதான். முதுகுத் துண்டு நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சு. மறுபடியும் அழிச்சுட்டீங்களா?"

"அதுக்குக் கால் இருக்குங்க மாஸ்டர்."

"என்னது?"

"கொசு. எந்தக் காலத்துலயோ யாரோ புத்தகத்த மூடறப்ப மாட்டிக்கிச்சு. பெருசாக்கி, ஆறு காலையும் எண்ணிப் பாத்துட்டுதான் அழிச்சேன்."

அந்தப் பக்கம் துணியை உதறி விரிப்பது கேட்டது.

"அப்ப வெட்டலாமா?"

"வெட்டுங்க" என்றாள் அக்கா. போனை வைக்காமல், துணியில் கத்திரி ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.