குடும்பத்தோடு வரவேணும்

கண்ணாடிக்கு முன்னால் நின்று சோதிலிங்கம் டை கட்டுவார். முதல் தடவை முடிச்சு சரியாக விழாது. அவிழ்ப்பார், மறுபடி கட்டுவார். ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் வாங்கிய மண்ணிற டை. புக்கெகோஹியில் வெங்காயம் பொதி செய்யும் கொட்டகையில் அவருக்கு மேற்பார்வை வேலை. அங்கே டை கட்டிக்கொண்டு போனால் சிரிப்பார்கள். ஆகவே அந்த டை மாதத்தில் இரண்டு நாள்தான் அலுமாரியை விட்டு வெளியே வரும். ஒன்று, கிளென்டோரன் சமூக சபை கூடுகிற புதன்கிழமை. மற்றது, அந்தக் கூட்டத்துக்கு ஊரை அழைக்கப் போகிற சனிக்கிழமை.

"இஞ்சாரும், வெளிக்கிட்டாச்சோ?" என்று சனிக்கிழமை குரல் கொடுப்பார்.

"சபையில இருக்கிறது நீங்கள். வீடு வீடாய் ஏறி இறங்க நான் என்னத்துக்கு?" என்பார் மனைவி குணவதி, சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடியே. கேள்வி மாதாமாதம் வருவது, பதிலும் அப்படித்தான்.

"தனிய ஒரு ஆம்பிளை போய் வாசல்ல நிண்டால், ஏதோ விக்க வந்தவன் எண்டு நினைப்பாங்கள். சோடியாய்ப் போனால்தான் அது அழைப்பு."

கிளென்டோரனை ஊர் என்று சொல்வதற்குக் கொஞ்சம் தாராள மனம் வேண்டும். ஓக்லாந்திலிருந்து தெற்கே வந்து, புக்கெகோஹியின் வெங்காயத் தோட்டங்களைத் தாண்டினால், ஒரு மரப்பாலம், ஒரு மண்டபம், டெய்ரி என்று எல்லாரும் சொல்லுகிற ஒரு மூலைக்கடை, பிறகு மேட்டிலும் பள்ளத்திலுமாகப் பால் பண்ணைகள். பண்ணைக்காரர்களின் பாட்டன்மார் ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். மண்டபச் சுவரில் ஒரு மான் தலையும், போர்களில் இறந்தவர்களின் பெயர்களும் இருக்கின்றன. பிள்ளைகள் நகரத்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பவர்கள் கூட்டம் என்றதும் பசு கன்று போடப்போகிறது என்பார்கள், தலையிடி என்பார்கள், ஒன்றும் அகப்படாவிட்டால் மழை என்பார்கள்.

சபைக்கு ஏழு உறுப்பினர்கள் இருக்க வேண்டும். மூன்று இடங்களுக்கு ஆளே கிடையாது. நாலு பேர் வந்தால்தான் கூட்டம் செல்லுபடியாகும். ஆக, இருக்கிற நாலு பேரில் ஒருவருக்குத் தடிமன் பிடித்தாலும் அந்த மாதம் சபைக்கு விடுமுறை. மேலே இருக்கிற கவுண்டி சபைக்கு இது நல்ல வசதி. தெருவிளக்குக் கேட்டாலும் வடிகால் கேட்டாலும், உங்கள் சபையின் தீர்மானம் வரட்டும், பார்ப்போம் என்று ஒரே பதில். சின்னச் சபைகளையெல்லாம் கலைத்துப் பெரிய சபைகளோடு சேர்த்துவிடப் போகிறார்களாம் என்ற பேச்சு வேறு.

அந்த நாலாவது ஆளாகத்தான் சோதிலிங்கம் அகப்பட்டார். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டு வந்து, ஏவன்டேலில் வாடகைக்கு இருந்து, பிறகு வேலைக்குக் கிட்டவாக ஒரு பழைய வீட்டை மலிவாக வாங்கிக் கிளென்டோரனுக்குக் குடிவந்தவர். வாசலில் மழைவெள்ளம் தேங்குகிறது என்று முறையிட ஒரு புதன்கிழமை மண்டபத்துக்குப் போனார். உள்ளே மூன்று பேர் கோட்டைக் கழற்றாமல் குளிரில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் மக்கின்டயர் இவரைக் கண்டதும் எழுந்தே விட்டார். முறையீட்டைச் சொல்லி முடிப்பதற்குள் சோதிலிங்கம் உறுப்பினராகிவிட்டார். வாசல் வெள்ளம் இன்னும் அப்படியே நிற்கிறது.

மண்டபச் சாவியும் அவர் கைக்கு வந்தது. கூட்ட நாளில் முன்னதாகவே போய் மண்ணெண்ணெய் ஹீட்டரை மூட்டுவார். வரக்கூடிய ஆட்களைப்போல இரண்டு மடங்கு கதிரை போடுவார். "கதிரை இல்லாட்டி வாற சனமும் திரும்பிப் போயிடும்" என்பது அவர் கட்சி. அந்த ஊர்க்காரர்கள் ஒரு விஷயத்துக்குச் சம்மதம் என்றால் "ம்" என்பார்கள். சம்மதமில்லை என்றாலும் "ம்" தான். சோதிலிங்கத்துக்கு அது பிடிபடவே இல்லை. சபை என்றால் நாலு பேர் சத்தமாகக் கதைக்க வேண்டாமா? மேசையை விரலால் தட்டி, "இதுக்கு ஒரு முடிவு காண வேணும்" என்பதை ஆங்கிலத்தில் சொல்வார். முடிவு கண்ட விஷயத்துக்கும் அதைச் சொல்வார்.

கூட்ட அறிவித்தலை டெய்ரிக் கண்ணாடியில் ஒட்டுவது மக்கின்டயரின் வழக்கம். அதைப் பார்த்து ஒருவரும் வருவதில்லை என்பது அவருக்கு நீண்டகால விசாரம். சோதிலிங்கத்துக்கு அதில் வியப்பே இல்லை. "கண்ணாடியில ஒட்டினால் ஆர் வருவினம்? எங்கட பக்கத்தில வீட்டை போய்ச் சொல்லாட்டி, கூடப் பிறந்த தம்பியும் கல்யாணத்துக்கு வரான்," என்று குணவதிக்கு விளக்கினார். அடுத்த சனிக்கிழமையே இருவரும் புறப்பட்டார்கள்.

முதல் வீட்டுக் கிழவர் ஜன்னலைத் திறந்து, தனக்கு ஏற்கெனவே ஒரு தேவாலயம் இருக்கிறது, வேறு வேண்டாம் என்று கத்தினார். இரண்டாவது வீட்டில், யார் செத்தது என்று கேட்டார்கள். சோதிலிங்கம் அசரவில்லை. அழைப்புக்கு ஒரு முறை இருக்கிறது. வாசலில் நின்று சொல்லக்கூடாது. உள்ளே போய் உட்கார வேண்டும். தருவதை மிச்சம் வைக்காமல் குடிக்க வேண்டும். பசுக்களையும் மூட்டுவலியையும் விசாரிக்க வேண்டும். எழும்பும்போதுதான் விஷயம்: புதன்கிழமை ஏழரைக்குக் கூட்டம், நீங்கள் கட்டாயம் வரவேண்டும், குடும்பத்தோடு வரவேண்டும்.

குடும்பத்தோடு என்றதும் அவர்கள் திகைப்பார்கள். வடிகாலைப் பற்றிக் கதைக்கிற கூட்டத்துக்குக் குடும்பம் எதற்கு? ஆனாலும் வீடேறி வந்து தேநீர் குடித்துவிட்டுப் போன மனிதரின் முகத்தில் பிறகு எப்படி முழிப்பது என்ற கூச்சம் எந்த நாட்டுக்காரருக்கும் உண்டு. ஒருவர் இருவராக வரத் தொடங்கினார்கள். தேவாலயக் கிழவர் தன் நாயையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஆள் சேர்ந்ததில் மக்கின்டயருக்கு மகிழ்ச்சிதான், முறைதான் பிடிக்கவில்லை. "இது சபையா, கல்யாண வீடா, மிஸ்டர் லிங்கம்?" என்று ஒருநாள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அவர் எந்த வீட்டுப் படியும் மிதிக்காத மனிதர். மனைவி இறந்த பிறகு இன்னும் மோசம். தெருவுக்கு எதிர்ப்பக்கப் பண்ணையில் இருக்கும் சொந்தத் தங்கை ஜீனோடுகூடக் கதை கிடையாது. தகப்பனின் காணியைப் பிரித்த நாளில் வந்த மனக்கசப்பு. அண்ணன் தலைவராக இருக்கிற கூட்டத்துக்கு ஜீன் வந்ததும் இல்லை. சோதிலிங்கத்தின் அழைப்பு பலிக்காத ஒரே வீடு அது.

போன ஜூனில், அங்கே குளிர்காலம் தொடங்குகிற மாதத்தில், பாலத்தின் தூண் ஒன்றில் வெடிப்புக் கண்டது. கவுண்டி சபை உடனே அறிவித்தது: ஆகஸ்ட் கூட்டத்துக்குத் தங்கள் பொறியியலாளர் வருவார், கிளென்டோரன் சபை என்ன வேண்டும் என்பதைத் தீர்மானமாக அன்றே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பால் லொறிக்கும் பள்ளிக்கூட பஸ்ஸுக்கும் பாலம் மூடப்படும். பஸ் நின்றால் சோதிலிங்கத்தின் மகள் உஷா எப்படிப் பள்ளிக்கூடம் போவாள்? சுற்றுப்பாதை நெடுந்தூரம். அவருக்கும் குணவதிக்கும் விடிய முன்னரே வேலை.

ஜூலைக் கூட்டத்தில் அவர் மேசையைத் தட்டினார். "உளுத்த மரத்துக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். கொங்கிரீட் பாலம் கேட்போம். இதுக்கு ஒரு முடிவு காண வேணும்."

மக்கின்டயரின் முகம் சிவந்தது. "அந்தப் பாலம் என் தாத்தா போட்டது. நேற்று வந்தவர் அதை உளுத்தது என்று சொல்ல வேண்டாம்."

சோதிலிங்கம் மண்டபச் சாவியை மேசையில் வைத்துவிட்டு மழைக்குள் நடந்து வீட்டுக்கு வந்தார். அவரைச் சுட்டது பாலம் அல்ல, அந்த "நேற்று வந்தவர்" தான். ஒரு ஊரிலிருந்து துரத்தப்பட்டவன் இன்னொரு ஊரில் எத்தனை வீட்டுத் தேநீர் குடித்தால் நேற்று வந்தவன் இல்லாமல் ஆவான்?

ஆகஸ்ட் கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை டை வெளியே வரவில்லை. "நான் போகமாட்டன். வேணுமெண்டால் அவர் வந்து கூப்பிடட்டும்," என்று கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"சொந்தத் தங்கச்சி வாசலையே மிதியாத மனிசன், உங்கட வாசலுக்கு வருமோ? நீங்கள் போகாட்டி நாலு பேர் இல்லை. உங்கட கோவத்தில பிள்ளையின்ர பஸ்ஸல்லோ நிக்கப்போகுது," என்றார் குணவதி.

"நிக்கட்டும்."

சொல்லிவிட்டார், ஆனால் அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை வேலையால் வந்ததும் குளித்தார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளே இருந்தார். பிறகு ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டு வந்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள என்னத்துக்கு இப்படிப் பூட்டி வைச்சிருக்கிறியள்?" என்றார் குணவதி.

"குளிருது." நெற்றியில் வியர்த்திருந்தது.

"அப்பா, ஜஸ்ட் கோ," என்றாள் உஷா, கொப்பியிலிருந்து தலையெடுக்காமல்.

"நீ உன்ர படிப்பைப் பார்."

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. குணவதி திறந்தார். வெளியே மக்கின்டயர், தேவாலயத்துக்குப் போகிற கோட்டில். அவருக்குப் பக்கத்தில், மழைத் தொப்பியோடு, தங்கை ஜீன். ஒருவரையொருவர் பாராமல் இருவரும் குனிந்து, சேறு பிடித்த கம்பூட்ஸைக் கழற்றிச் சுவரோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். காலுறையோடு உள்ளே வந்து சோபாவின் இரண்டு முனைகளில் அமர்ந்தார்கள்.

குணவதி தேநீர் கொண்டுவந்தார். பசுக்கள் கன்று போடுகிற மாதம் அது. பண்ணைக்காரருக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம். ஆனால் கோப்பையைக் கண்டதும் மக்கின்டயர் விழுங்கிய விழுங்கலிலேயே தெரிந்தது, அன்று ஊரிலுள்ள வீட்டுத் தேநீரெல்லாம் அவர் வயிற்றில் இருந்தது. ஆனாலும் கடைசிச் சொட்டுவரை குடித்தார். வெங்காய விளைச்சல் எப்படி என்று விசாரித்தார். உஷாவிடம் என்ன வகுப்பு என்று கேட்டார்.

"தனியாக வந்தால் சரிவராதாம்," என்று ஜீன் குணவதியிடம் மெல்லச் சொன்னார். "அதற்காக இத்தனை வருஷத்துக்குப் பிறகு என் கதவைத் தட்டினான். மத்தியானத்திலிருந்து சுற்றுகிறோம்."

சோதிலிங்கம் ஹீட்டரைப் பார்த்தபடியே இருந்தார்.

மக்கின்டயர் எழுந்தார். "ஏழரைக்குக் கூட்டம், மிஸ்டர் லிங்கம். பொறியியலாளர் வந்துவிட்டார். சபையில் நாங்கள் மூன்று பேர்தான் இருக்கிறோம். நீங்கள் கட்டாயம் வரவேண்டும்." போகத் திரும்பியவர் நின்றார். "குடும்பத்தோடு வரவேண்டும்."

குணவதி கணவரைப் பார்த்தார். சோதிலிங்கம் எழுந்து நின்று, ஜாக்கெட்டின் ஜிப்பைக் கீழே இழுத்தார். உள்ளே, ஒழுங்காக முடிச்சுப் போட்டபடி, மண்ணிற டை இருந்தது.