றொனியின் தங்கை டொரீன்

சென்ற ஞாயிறு பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது, கோவிலில் எங்களோடு உதவும் றெஜினா தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, எங்கடை டொரீன் மோசம் போட்டா. நித்திரையிலை உயிர் போட்டுதாம்." அழுகையை விழுங்கிக்கொண்டு, "இண்டைக்குப் பூசை முடியத் தேத்தண்ணி மேசையை ஆர் பாக்கிறது?" என்றாள். டொரீனுக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் பட்டிருக்கும்.

லண்டன் பார்க்கிங் ஊரில் நம் பங்குக் கோவிலில் அவர் கையால் தேநீர் வாங்கிக் குடிக்காதவர்கள் உங்களில் குறைவு. "சீனி காணுமா, இன்னும் போடவா?" என்று தமிழில் கேட்கும் வெள்ளைக்காரி. "அன்ரி என்று கூப்பிட்டால் பிஸ்கட் கிடையாது" என்பார். அதனால் என் பிள்ளைகளுக்குக்கூட அவர் வெறும் டொரீன்தான்.

நான் மேசைக்கு உதவ வந்த புதிதில், அண்ணன் றொனியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மீன் கடையில் வேலை செய்த பொடியன், ஆள் கட்டை. அதனாலேயே இரண்டாம் உலகப் போரில் அவனைக் குண்டுவீச்சு விமானத்தின் வால் பக்கத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள், எதிரி விமானங்களைச் சுடத் துவக்கோடு உட்கார வைத்தார்களாம். ஜெர்மனிக்குப் போய்த் திரும்பும் வழியில் விமானம் ஹொலண்டில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவனுக்கு இருபது வயது.

நான் கோப்பைகளைக் கீழே வைத்தேன். குண்டு போடும் விமானத்தை யாழ்ப்பாணத்தில் நாங்கள் பொம்மர் என்போம். என் அண்ணாவைக் கொன்றது பொம்மர். அதை அவரிடம் சொன்னேன்.

டொரீன் என் முகத்தைப் பார்த்தார். "அவன் குண்டு போடவில்லை, துவக்குத்தான் வைத்திருந்தான் என்று சொல்லி நான் தப்பமாட்டேன். கீழேயும் ஒரு தங்கை இருந்திருப்பாள்." பிறகு எனக்கொரு தேநீர் ஊற்றினார். எங்கள் சிநேகிதம் அன்றுதான் தொடங்கியது.

றொனியின் கல்லறை இருந்த ஊரின் பெயரை அவர் உச்சரித்தது எனக்கு விளங்கவில்லை. எழுதிக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. லண்டன் வருமுன் நாங்கள் ஹொலண்டில் இருந்தது பக்கத்து ஊரில். அந்தக் கல்லறை இருந்த தேவாலயத்தைத் தாண்டித்தான் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போனேன். "நீங்கள் ஏன் போகவில்லை?" என்று கேட்டேன். "கல்லைப் பார்த்தால் அவன் செத்துப்போய்விடுவான்" என்றார். சில வருடம் கழித்து அவரே சொன்னார்: "எனக்குத் தொண்ணூறு ஆகப்போகிறது. இனி அவனாக வரமாட்டான். கூட்டிக்கொண்டு போ."

காரோடு கப்பலேறிப் போனோம். அங்கே, அந்தக் கல்லறையைப் பராமரித்துவரும் மாரியா என்ற வயதான பெண் பூங்கன்றுகளோடு காத்திருந்தார். றொனியை வயலிலிருந்து தூக்கிவந்து அடக்கம் செய்தவர் அவருடைய அப்பா. அவர்கள் பேசிய டச்சையும் ஆங்கிலத்தையும் யாழ்ப்பாணத்தாளாகிய நான் மாற்றி மாற்றிச் சொன்னேன். மாரியா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். எனக்கே சொல்ல வெட்கமாக இருந்தது.

"உங்கள் அண்ணன் சீருடைக்குள்ளே பெண்கள் போடும் பட்டுக் காலுறை போட்டிருந்தாராம். ஏன் என்று இவருடைய அப்பா சாகும்வரை யோசித்தாராம்."

 டொரீன் கைப்பையால் கல்லில் ஓங்கி அடித்தார். "கள்ளா! நீதானா? அம்மா என்னையல்லவா அடித்தாள்!"

கடைசியாக லீவில் வந்தபோது, வால் கூண்டுக்குள் கால் விறைக்கிறது என்று றொனி சொல்லியிருந்தானாம். அவன் போன மறுநாள் அம்மாவின் ஒரே பட்டுக் காலுறையைக் காணவில்லை. பதினொரு வயது டொரீன்தான் எடுத்தாள் என்று அடி விழுந்தது. நான் மொழிபெயர்த்து முடிக்குமுன் மாரியாவும் சிரிக்கத் தொடங்கிவிட்டார். மூன்று பெண்கள் கல்லறையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு டொரீன் குனிந்து அந்தக் கல்லைத் தடவினார். "குளிர் கொஞ்சம் குறைந்ததாடா?" என்று மெதுவாகக் கேட்டார்.

திரும்பும் கப்பலில் என் பக்கம் திரும்பினார். "சரி, உன் அண்ணா என்ன களவெடுத்தார்?"

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அண்ணாவைப் பற்றிப் பேசினால் வீட்டில் எல்லோரும் நிலத்தைப் பார்ப்போம். கரண்ட் இல்லாத அந்தப் போர்க்காலத்தில் அவர் அப்பாவின் சைக்கிள் டைனமோவைக் கழற்றி, அதைச் சுற்றி வந்த கரண்டில் றேடியோவில் பாட்டுக் கேட்டதையும், அதனால் விளக்கில்லாத சைக்கிளோடு அப்பா இருட்டில் பக்கத்து வீட்டு வேலிக்குள் பாய்ந்ததையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டொரீனிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்விதான். என் பிள்ளைகளுக்கு மாமா அதுவரை சுவரில் மாலை போட்ட படம். இப்போது அவருடைய நினைவு நாளில் பூசை முடிந்து வந்ததும் சின்னவன் சப்பாத்தைக் கழற்றாமலே கேட்கிறான்: "அம்மா, மாமா வேற என்ன களவெடுத்தவர்?"